அக்காள் சென்னையில், தங்கை நெல்லையில்!

தீபாவளிக்கு இரண்டு பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிறார்கள். மூத்தவள் சென்னையில் குடித்தனம் செய்கிறாள். இளையவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள். மூத்த மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய். இளைய மாப்பிள்ளைக்கு 20 ஆயிரம்.

"மூத்தவளுக்கு என்ன குறை? பட்டணத்துச் சம்பளம்!" என்று தாயார் அக்கம்பக்கத்தில் பெருமை பேசுகிறாள்.

அடுக்களையில் நடப்பது தாயாருக்குத் தெரியாது. அக்காள், தங்கையிடம் 3 ஆயிரம் ரூபாய் கைமாற்றுக் கேட்கிறாள்!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். இரண்டு வீட்டிலும் இரண்டு குழந்தைகள். இரண்டு பெண்களும் சிக்கனக்காரிகள். ஒருவருக்கும் கெட்ட பழக்கம் கிடையாது. அப்படி இருக்க, 10 ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்குகிற குடும்பம், குறைவாக வாங்குகிற குடும்பத்திடம் ஏன் கை நீட்டுகிறது?

இந்த நேரத்தில் இளைய மாப்பிள்ளைக்கும் சென்னையில் ஒரு வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் 30 ஆயிரம் சம்பளம். போகலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, வீட்டுச் செலவை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எங்கும் ஒரே விலை

பட்டணம் என்றாலே எல்லாம் யானை விலை, குதிரை விலை என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை அல்ல.

ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ம் ஆண்டு ஜூன் முதல் தேதியில் இருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் பாக்கெட் 25 ரூபாய் என்று பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். மயிலாப்பூரிலும் இந்த விலைதான். மானாமதுரையிலும் இந்த விலைதான்.

மின்சாரக் கட்டணமும் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தபோது, சென்னைக்குத் தனி, சேலத்துக்குத் தனி என்று பிரிக்கவில்லை.

ஆவின் பால் விலையில் 2021 மே மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அது எல்லா ஊருக்கும் குறைந்தது. அதே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. அதுவும் எல்லா ஊருக்கும் பொது. 2013-ல் சென்னையில் திறந்து, பிறகு மற்ற மாநகராட்சிகளுக்கும் போன அம்மா உணவகத்தில் இட்லி எந்த ஊரிலும் 1 ரூபாய்தான்.

சமையல் எரிவாயு மட்டும் கொஞ்சம் மாறும். சிலிண்டர் நிரப்பும் இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் லாரி வர வேண்டுமோ, அதைப் பொறுத்து விலை அமையும். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆயிற்று. மற்ற ஊர்களில் இதைவிடச் சில பத்து ரூபாய் அதிகம். இதில் பட்டணத்துக்காரருக்குத்தான் லாபம்!

காய்கறி விலை நாளுக்கு நாள் மாறும். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால், ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் அளவுக்கு ஊர் வித்தியாசம் இல்லை. மதுரையில் 1999-ல் தொடங்கிய உழவர் சந்தை பல ஊர்களுக்கும் பரவியது. சென்னைக்குக் கோயம்பேடு இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய் இரவோடு இரவாக அங்கே போய் இறங்கிவிடுகிறது. குன்னூர், உதகைப் பக்கம் நிலைமை வேடிக்கையானது. காரட்டும் முட்டைக்கோசும் அங்கேயே விளைகின்றன. ஆனால் அரிசியும் எண்ணெயும் சமவெளியில் இருந்து மலை ஏற வேண்டும். குளிருக்கு வெந்நீரும் கம்பளியும் தனிச் செலவு!

ஆகவே, அக்காளின் பணத்தை விழுங்கியது அரிசியும் பருப்பும் அல்ல. பிறகு எது?

மீட்டர் ஒன்று, பில் இரண்டு

மின்சாரக் கட்டணம் எங்கும் ஒன்றே என்று மேலே பார்த்தோம். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது ஒன்று அல்ல!

2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவு செய்த வீட்டுக்குக் கட்டணம் 675 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதற்கு மேல் 4 ரூபாய் 50 காசு. கணக்கு சரியாக இருக்கிறது அல்லவா? பிறகு இந்த விகிதங்கள் சற்று உயர்ந்தன. ஆனால் முறை இதுதான்.

சென்னையில் ஒரே கட்டடத்தில் மூன்று, நான்கு போர்ஷன்கள் இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. உள்ளே ஆளுக்கு ஒரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார். அதே 300 யூனிட்டுக்கு 2 ஆயிரத்து 400 ரூபாய் கொடுக்க வேண்டும்!

அரசாங்கம் கொடுத்த 100 யூனிட் இலவசம் குடியிருப்பவர் கைக்கு வரவே இல்லை.

வீட்டுக்காரர் மீது மட்டும் பழி போடுவதும் நியாயம் இல்லை. நான்கு குடும்பத்தின் மின்சாரமும் ஒரே இணைப்பில் சேரும்போது யூனிட் 500-ஐத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் என்ன ஆகும்? 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-க்கு மேல் போனால் இரண்டாவது நூறுக்கான குறைந்த கட்டணமும் பறிபோய்விடும். அதனால் வரும் வினை இது. போர்ஷனுக்குப் போர்ஷன் தனி இணைப்பு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் குழாயைத் திறந்து பார்க்கிற பெண்கள், மீட்டர் பெட்டியையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

தட்பவெப்பமும் பில்லில் ஏறும். கடலோரப் புழுக்கத்தில் இரவு முழுவதும் மின்விசிறி ஓட வேண்டும். கோயம்புத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. அங்கே விசிறிக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்க்காரர் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

தண்ணீருக்கு விலை

பாளையங்கோட்டைத் தங்கை தண்ணீருக்கு என்று தனியாகப் பணம் எடுத்து வைப்பது இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிறது. காய்ச்சி ஆற வைத்துக் குடிக்கிறார்கள். கோயம்புத்தூருக்குச் சிறுவாணி. அந்த அணை இருப்பது கேரளத்தில்; ஆனால் அந்தத் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசினால் நேரம் போவதே தெரியாது. மதுரைக்கு வைகை. திருச்சிக்குக் காவிரி.

சென்னைக்கு என்று வற்றாத ஆறு இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளை நம்பி நிற்கிறது. மழை பொய்த்தால் ஏரி பொய்க்கும். 2019-ம் ஆண்டு கோடையில் இந்த ஏரிகள் வறண்டன. அந்த ஆண்டு ஜூலை 12-ந் தேதி, ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன்கள் கொண்ட ரெயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியது. மக்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரெயிலில் ஊருக்குத் தண்ணீர் வந்த காட்சி சாமானியமா?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. ஆந்திரத்தில் இருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்தது. 2004-ல் வீராணம் தண்ணீர் வந்தது. 2010-ல் மீஞ்சூரிலும், 2013-ல் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கக்கூடியது. நெம்மேலியில் 2024-ல் இன்னொரு நிலையமும் திறந்தார்கள்.

ஆனாலும் புறநகரில் ஆழ்குழாய்க் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர்தான். பருப்பு வேகாது. துணி வெளுக்காது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றால், மாதம் 15 கேன். கேன் 35 ரூபாய் என்று வைத்தால் 525 ரூபாய். கோடையில் அடுக்கு மாடி வீடுகளுக்கு லாரித் தண்ணீர் வந்தால், அந்தப் பணத்தையும் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும்.

கூரைக்குக் கொடுக்கும் கூலி

இவை எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது வீட்டு வாடகை!

வாடகை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்பதை மத்திய அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்க, ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எக்ஸ் வகுப்பு ஊர் சென்னை மட்டுமே. கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஆகிய ஆறும் ஒய் வகுப்பு. மற்ற ஊர்கள் எல்லாம் இசட்.

2024 ஜனவரியில் இருந்து இந்தப் படி எக்ஸ் ஊருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், ஒய் ஊருக்கு 20, இசட் ஊருக்கு 10 என்று ஆயிற்று. அடிப்படைச் சம்பளம் 30 ஆயிரம் வாங்குகிறவருக்குச் சென்னையில் 9 ஆயிரம் ரூபாய். மதுரையில் 6 ஆயிரம். திருநெல்வேலியில் 3 ஆயிரம்.

இந்தப் பிரிவை எப்படிச் செய்தார்கள்? ஊரில் எத்தனை வீடு காலி, வாடகை என்ன என்று விசாரித்தா? இல்லை. தலையை எண்ணினார்கள்! 50 லட்சம் பேருக்கு மேல் இருந்தால் எக்ஸ். 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய். அதற்குக் கீழே இசட். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் திருநெல்வேலியும் அதன் சுற்றுப் பகுதிகளும் 5 லட்சத்தை எட்டச் சற்றே தவறிவிட்டன. அதனால் நெல்லை இசட் வகுப்பில் நின்றது.

ஓசூரின் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே தொழிற்சாலைகள் பெருகின. வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். எல்லையைத் தாண்டி 40 கிலோ மீட்டர் போனால் பெங்களூரு. அது எக்ஸ் வகுப்பு. ஓசூர் வீட்டுக்காரர்கள் பெங்களூரைப் பார்த்து வாடகை கேட்கிறார்கள். வாடகைப்படி என்னவோ இசட் வகுப்புத்தான்!

திருப்பூரும் இப்படிப்பட்ட ஊர். பனியன் கம்பெனிகளுக்கு நாலா பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வரிசையாக அறைகள், பொதுவாக ஒரு கழிப்பறை, பொதுவாக ஒரு குழாய். இதற்கு 'லைன் வீடு' என்று பெயர். நெல்லையில் 'வளவு', சென்னையில் 'ஒண்டுக் குடித்தனம்'. பெயர் மாறினாலும் காலையில் வாளியுடன் வரிசையில் நிற்பது மாறவில்லை. ஆனால் திருப்பூரில் ஒரு வசதி உண்டு. புருஷன் கம்பெனிக்குப் போனால் மனைவியும் போகலாம். வாரச் சம்பளம் இரண்டாக வரும். அதனால்தான் வாடகை ஏறியும் லைன் வீடுகள் காலியாக இருப்பது இல்லை.

வாடகைக்கு அண்ணன், முன்பணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 12 ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்! இதற்காக நகையை அடகு வைத்த பெண்கள் எத்தனை பேர்! 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அப்படிப் பார்த்தால் 36 ஆயிரம் போதும். ஆனால், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும் என்றும் அதே சட்டத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. வீடு தேடி அலைகிறவர், நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? சட்டம் ஒரு கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது.

தங்கையின் கணக்கு

இப்போது இளைய மாப்பிள்ளைக்கு வருவோம். சம்பளம் 10 ஆயிரம் ரூபாய் கூடுகிறது. செலவு எவ்வளவு கூடும்?

பாளையங்கோட்டையில் வாடகை 6 ஆயிரம், சென்னைப் புறநகரில் 12 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் 6 ஆயிரம் ரூபாய். சப் மீட்டர் வீடு என்றால், மேலே பார்த்த கணக்குப்படி இரண்டு மாதத்துக்கு 1,725 ரூபாய் அதிகம். மாதத்துக்குச் சுமார் 860 ரூபாய். கேன் தண்ணீர் 525. நெல்லையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர், சென்னையில் மின்சார ரெயிலும் ஷேர் ஆட்டோவும் ஏற வேண்டும். அதற்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைப்போம்.

மொத்தம் 8 ஆயிரத்து 885 ரூபாய். கையில் மிஞ்சுவது 1,115 ரூபாய்!

இதில் முன்பணத்துக்கு வாங்கிய கடனின் வட்டி சேரவில்லை. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நான்கு பேர் ஊருக்கு வந்து போகும் டிக்கெட் சேரவில்லை. பாளையங்கோட்டையில் சின்னக் குழந்தையை ஆச்சி பார்த்துக்கொள்கிறாள். சென்னையில் அதற்கும் ஆள் வைத்தால் அந்தப் பணமும் சேரவில்லை. அக்காள் ஏன் கைமாற்றுக் கேட்டாள் என்பது இப்போது விளங்கும்.

வாடகை வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே அவரவர் தங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் எந்தெந்த வரியை எழுத வேண்டும் என்பது மாறாது. வாடகை, முன்பணம், மீட்டர், தண்ணீர், தூரம். இந்த ஐந்தையும் எழுதாமல் சம்பளத்தை மட்டும் பார்த்து மூட்டை கட்டினால் மோசம் போக நேரும்.

அதற்காகச் சென்னைக்கு யாரும் போகவே கூடாது என்று சொல்ல முடியாது. அங்கே வேலை உண்டு. ஒரு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. கல்லூரிகள் உண்டு. தங்கைக்குத் தையலோ கணக்கு எழுதவோ தெரிந்து, அவளும் மாதம் 12 ஆயிரம் சம்பாதித்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். சென்னை, ஒருவர் சம்பாதிக்கும் குடும்பத்தை வாட்டுகிறது. இருவர் சம்பாதிக்கும் குடும்பத்தைத் தூக்கி விடுகிறது.

சராசரியில் வீடு இல்லை

அரசாங்கத்திடம் கணக்குகளுக்குக் குறைவு இல்லை. 2022-23-ம் ஆண்டு நடந்த குடும்பச் செலவு ஆய்வில், தமிழ்நாட்டு நகரங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 7 ஆயிரத்து 630 ரூபாய் என்று வந்தது. கிராமங்களில் 5 ஆயிரத்து 310 ரூபாய். ஆனால் இது சென்னையையும் சிவகாசியையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய கணக்கு. இதை வைத்துக்கொண்டு தங்கைக்கு ஒரு பதிலும் சொல்ல முடியாது.

தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டு எண் என்று ஒன்று மாதந்தோறும் வருகிறது. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் என்று ஊர்வாரியாகவே வருகிறது. இதைப் பார்த்துவிட்டு, எண் அதிகமாக உள்ள ஊரில் விலையும் அதிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்தந்த ஊரில் 2016-ல் இருந்த விலையை 100 என்று வைத்து, அது எவ்வளவு ஏறியது என்பதைத்தான் அந்த எண் காட்டும். ஓர் ஊரை இன்னோர் ஊருடன் ஒப்பிட அது உதவாது.

2024-ல் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆகிவிட்டது. இத்தனை நகரங்கள் உள்ள மாநிலத்தில், எந்த ஊரில் எந்தப் பகுதியில் சாதாரண வாடகை என்ன என்று ஒரு ஏழைக் குடும்பம் கேட்டால், பதில் சொல்வது தரகர் மட்டுமே. வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவுகளில் இருந்து ஆளின் பெயரை நீக்கிவிட்டு, வார்டு வாரியாக வாடகையை மட்டும் வெளியிடலாமே! அதற்குப் பெரிய செலவு ஆகாது. வாடகைப்படி கொடுக்கிறவர்களுக்கும் அது உதவும். ஓசூருக்கு ஒரு நியாயம் கிடைக்கும். தனி மின் இணைப்பு இல்லாத போர்ஷன்களுக்கு இணைப்புக் கொடுக்க வீட்டுக்காரர்களுக்குக் கெடு வைத்தால், கோட்டையில் இருந்து கொடுத்த 100 யூனிட், கொடுத்தவர் நினைத்த வீட்டுக்கே போய்ச் சேரும்.

எக்ஸ், ஒய், இசட் எல்லாம் 2011-ம் ஆண்டு தலைக் கணக்கை வைத்துப் போட்டவை. அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவர், குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா என்று கேட்பார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். எத்தனை அறைகள் என்று கேட்பார்.

வாடகை எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அவர் கையில் உள்ள தாளில் இல்லை.